டாம்கேட் வாசல்ல ஒரு வாட்ச்மேன்!



ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், மினி ப்ராஜெக்ட், சிம்போசியம் வெப்சைட்... ஏதோ ஒரு ரூபத்துல ஜாவா நம்ம தலையில வந்து உட்காராம விடாது. லேப்ல, எக்லிப்ஸ்ல ரன் பட்டனை அமுக்கினா அப்ளிகேஷன் ஜம்முனு ஓடும். 'லோக்கல்ஹோஸ்ட் 8080' அடிச்சா நம்ம கலர் கலர் ஹோம்பேஜ் சிரிக்கும். நாமளும் காலரைத் தூக்கி விட்டுக்குவோம். ஆனா, அதே அப்ளிகேஷனை நாலு பேர் யூஸ் பண்ற மாதிரி வெளியில வைக்கணும்னு வரும்போதுதான் இருக்கு கச்சேரி!

இந்த வார மேட்டர் அதுதான். ஜாவா அப்ளிகேஷனுக்கு முன்னாடி ரிவர்ஸ் ப்ராக்ஸி வைக்கிறது எப்படி, வெச்சா எங்கெல்லாம் வழுக்கும்னு பார்க்கப்போறோம். இதுல நான் வழுக்கி விழுந்த கதையும் உண்டு. நான் விழுந்ததுகூடப் பரவால்ல. என்னால இன்னொருத்தன் தலை குனிஞ்சு நின்னான். அதனாலதான் இதை எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

8080-ஐ போஸ்டர்ல போட முடியுமா?

எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஆன்லைன் ரிஜிஸ்ட்ரேஷன் சைட் பண்ணினோம். சர்வ்லெட், ஜே.எஸ்.பி., மை எஸ்.க்யூ.எல்., டாம்கேட் 9. டிபார்ட்மென்ட் லேப் மூலையில சும்மா கிடந்த ஒரு டெஸ்க்டாப்ல லினக்ஸ் போட்டு, அதையே சர்வர் ஆக்கிட்டோம். ஒரு வாரம் டெஸ்ட்டிங். எல்லாம் சூப்பர்.

போஸ்டர் பிரின்ட்டுக்குப் போகுற நேரத்துல ஹெச்.ஓ.டி. டிசைனைப் பார்த்துட்டு, "இது என்னப்பா அட்ரஸ் கடைசியில 8080? இதை எவன் டைப் பண்ணுவான்? பக்கத்துல வேற 'பாதுகாப்பில்லை'ன்னு பிரவுசர் காட்டுது. மத்த காலேஜ் பசங்க காசு கட்டுற சைட் இது. சரி பண்ணுங்க" என்றார். அவர் சொன்னதுல தப்பே இல்ல.

8080 என்பது டாம்கேட் பிறந்ததிலிருந்து அதோட ஒட்டிக்கிட்டிருக்கிற கதவு எண். பிரவுசரோ, நாம ஒண்ணும் சொல்லலைன்னா 80 அல்லது 443-ஐத்தான் தட்டும். 'அப்ப டாம்கேட்டையே 80-ல ஓட்டிட்டா போச்சு'ன்னு தோணும். லினக்ஸ்ல 1024-க்குக் கீழே இருக்கிற போர்ட்டைத் திறக்க, வழக்கமா ரூட் அதிகாரம் வேணும். டாம்கேட்டை ரூட்டா ஓட்டினா, நம்ம கோடுல ஒரு ஓட்டை இருந்தாலும் மொத்த மெஷினும் அடுத்தவன் கைக்குப் போயிடும். வீட்டுச் சாவி, பீரோ சாவி, பைக் சாவி எல்லாத்தையும் ஒரே கொத்துல கோத்து வாசல்ல மாட்டி வைக்கிற மாதிரி.

இதுக்குத்தான் ரிவர்ஸ் ப்ராக்ஸி.

வாட்ச்மேன் தியரி

ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு இது ஈஸியா புரியும். வெளியாள் யாரும் நேரா ரூமுக்கு வர முடியாது. கேட்ல வாட்ச்மேன் இருப்பார். வந்தவர் அவர்கிட்ட விஷயத்தைச் சொல்லணும். அவர் உள்ளே போய் நம்மகிட்ட சொல்லி, பதிலை வாங்கிட்டுப் போய் வந்தவர்கிட்ட கொடுப்பார். வந்தவருக்கு நம்ம ரூம் நம்பர்கூடத் தெரியத் தேவையில்ல.

ரிவர்ஸ் ப்ராக்ஸி அந்த வாட்ச்மேன். டாம்கேட் ரூமுக்குள்ள இருக்கிற நாம. பிரவுசர் வந்து தட்டுறது வாட்ச்மேனோட 443-ம் நம்பர் கதவை. அவர் வாங்கி, உள்ளே 8080-க்குக் கொண்டுபோறார்.

இந்த வாட்ச்மேன் வேலைக்கு நிறைய பேர் இருக்காங்க. அப்பாச்சி வெப் சர்வரே செய்யும். ஹெச்.ஏ. ப்ராக்ஸி செய்யும். நாங்க எடுத்தது என்ஜின்எக்ஸ். இதை எழுதினவர் இகோர் சிசோயெவ் என்கிற ரஷ்யர். 2004-ல வெளியிட்டார். ஒரே நேரத்துல பத்தாயிரம் பேர் வந்து நின்னாலும் சமாளிக்கிறது எப்படிங்கிற கேள்விதான் அப்போ சர்வர் உலகத்தைக் குடைஞ்சுக்கிட்டிருந்தது. ஆளுக்கு ஒரு த்ரெட்னு கொடுக்காம, சில ப்ராசஸ்களே எல்லாரையும் மாத்தி மாத்தி கவனிக்கிற மாதிரி அவர் அதைக் கட்டினார்.

டாம்கேட்டோட பழக்கம் வேற. சன் கம்பெனியில பிறந்து 1999-ல அப்பாச்சி கைக்கு வந்த சாஃப்ட்வேர் அது. ஒரு ரிக்வெஸ்ட்டை கவனிக்க ஒரு த்ரெட்டை எடுக்கும். நாம மாத்தாத வரைக்கும் அதிகபட்சம் 200 த்ரெட். சிக்னல் இல்லாத பஸ்ல உட்கார்ந்து ஒருத்தர் தன் போட்டோவை மெதுவ்வ்வா அப்லோட் பண்ணினா, அதை வாசிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு த்ரெட் அவருக்கே காவல். என்ஜின்எக்ஸ் முன்னாடி நின்னா, மெதுவா வர்றதை முழுசா தன்கிட்ட வாங்கி வெச்சுக்கிட்டு, அப்புறம் ஒரே மூச்சுல உள்ளே தரும். பதிலையும் அதே மாதிரி வாங்கிக்கிட்டு, வெளியில இருக்கிறவர் வேகத்துக்கு விநியோகம் பண்ணும். டாம்கேட் அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாம்.

இன்னொரு லாபம், பூட்டு. ஹெச்.டி.டி.பி.எஸ். சான்றிதழை டாம்கேட்டுக்கு ஜாவா கீஸ்டோர் வழியா கொடுக்கிறதும் முடியும். ஆனா, என்ஜின்எக்ஸ்ல 'சர்ட்பாட்'டை ஓட்டினா, லெட்ஸ் என்க்ரிப்ட் இலவச சான்றிதழ் சில நிமிஷத்துல வந்துடும். லெட்ஸ் என்க்ரிப்ட் 2015 டிசம்பர்ல பொதுமக்களுக்குத் திறந்தது. அதுக்கு அப்புறம் 'சான்றிதழ் வாங்க காசில்ல சார்'னு சொல்ற சாக்கு செல்லாது. ஆயுள் குறைவான சான்றிதழ் என்பதால, தானா புதுப்பிக்கிற வேலையை மட்டும் மறக்காம ஏத்திடுங்க.

ஆக, ராத்திரி பதினோரு மணிக்கு என்ஜின்எக்ஸ் போட்டோம். ப்ராக்ஸி பாஸ்னு ஒரு வரி. அதுக்கு எதிர்ல 127.0.0.1, போர்ட் 8080. 443-ல சான்றிதழ். பிரவுசர்ல பூட்டுப் படம் தெரிஞ்சது. ஒருத்தருக்கொருத்தர் கை கொடுத்துக்கிட்டு டீக்கடைக்குப் போனோம். அந்த ஒரே வரியோட கிளம்பினதுதான் எங்க தப்பு.

பத்து மணிக்கு விழுந்த பூட்டு

மறுநாள் காலை பத்து மணிக்கு ரிஜிஸ்ட்ரேஷன் ஓபன். பத்து நிமிஷம்கூட ஆகல. "அண்ணா, லாகின் ஆகல"ன்னு போன். அடுத்த போன், அதுக்கு அடுத்த போன். யார் போனாலும் 'அதிக முறை தவறான பாஸ்வேர்ட். 30 நிமிடம் கழித்து முயலவும்' என்று நாங்களே எழுதின மெசேஜ் எங்களையே பார்த்து பல்லைக் காட்டுது. அரை மணி நேரம் கழிச்சு பூட்டு திறக்கும். கொஞ்ச நேரத்துல மறுபடி பூட்டு!

பாஸ்வேர்டைத் திருடப் பார்க்கிறவனைத் தடுக்க நாங்க ஒரு பாதுகாப்பு வெச்சிருந்தோம். ஒரே ஐ.பி. அட்ரஸ்லேர்ந்து பத்து தடவை தப்பான பாஸ்வேர்ட் வந்தா, அந்த ஐ.பி.-யை அரை மணி நேரம் பூட்டு. தப்பான முயற்சிகளை மட்டும் தனியா ஒரு லாக் ஃபைல்ல எழுதும்படியும் கோடு பண்ணியிருந்தோம். அதைத் திறந்து பார்த்தேன். எல்லா வரியிலும் ஒரே அட்ரஸ். 127.0.0.1.

127.0.0.1-னா என்னன்னு முதல் வருஷப் பையனுக்குக்கூடத் தெரியும். 'இதே மெஷின்'னு அர்த்தம். அப்போ அந்த மெஷின் முன்னாடி உட்கார்ந்திருந்தது யார்? இரண்டாம் வருஷத் தம்பி ஒருத்தன். ஈவென்ட் போட்டோக்களை ஏத்தறதுக்காக வாலன்டியரா வந்திருந்தான். கோடிங் டீம்ல சேர்க்கலைன்னு அவனுக்கு எங்க மேல வருத்தம் இருந்ததும் எல்லாருக்கும் தெரியும்.

அதுக்கு மேல யாரும் யோசிக்கல. லாக்கை பிரின்ட் எடுத்துட்டுப் போய் க்ளாஸ் அட்வைஸர் மேடம்கிட்ட நீட்டினது சாட்சாத் நான்தான். "மேடம், இந்த மெஷின்லேர்ந்துதான் யாரோ வேணும்னே தப்பு தப்பா அடிச்சிருக்காங்க." அவன், "நான் லாகின் பேஜையே தொடலண்ணா" என்றான். நான் பேப்பரைக் காட்டினேன். அவன்கிட்ட காட்ட எந்தப் பேப்பரும் இல்ல. லேப்பை விட்டு வெளியே அனுப்பினாங்க. வாலன்டியர் லிஸ்ட்டுலேர்ந்து பேர் அடிக்கப்பட்டது. மதியம் அவங்க வீட்டுக்கு போனும் போனது.

அவனை வெளியே அனுப்பின பிறகும் பூட்டு விழுந்துக்கிட்டேதான் இருந்தது. 'ஸ்கிரிப்ட் எதையாவது ஓட விட்டுட்டுப் போயிருப்பான்'னு அதுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கிட்டோம் பாருங்க... சந்தேகம்னு வந்துட்டா மூளை எவ்வளவு வேகமா வேலை செய்யுது!

ரெண்டு லாக்கையும் பக்கத்துல வெச்சா...

ராத்திரி எட்டு மணி. வேற ஒண்ணும் தோணாம என்ஜின்எக்ஸோட ஆக்சஸ் லாக்கைத் திறந்தேன். டாம்கேட் பக்கம் 127.0.0.1-னு பதிவான அதே வினாடி, அதே லாகின் பக்கம். ஆனா, என்ஜின்எக்ஸ் லாக்ல விதவிதமான அட்ரஸ்! ஒண்ணு ஒரு மொபைல் கம்பெனி, இன்னொண்ணு எங்க லேடீஸ் ஹாஸ்டல், இன்னொண்ணு எங்கேயோ பிராட்பேண்ட். நூத்துக்கணக்கான பேர்ல ஆளுக்கு ஒரு தடவை பாஸ்வேர்டை மறந்து தப்பா அடிச்சிருக்காங்க. அவ்வளவுதான். அந்தத் தம்பி உட்கார்ந்திருந்த மெஷின்லேர்ந்து லாகின் முயற்சி ஒண்ணுகூட இல்ல.

புரிஞ்சுடுச்சு. கேட்ல யார் வந்தாலும், ரூம் கதவைத் தட்டுறது வாட்ச்மேன்தானே? உள்ளே இருக்கிறவன் 'யார் தட்டினது?'ன்னு நோட்ல எழுதினா, நாள் முழுக்க 'வாட்ச்மேன், வாட்ச்மேன்'னுதான் எழுதுவான். என்ஜின்எக்ஸும் டாம்கேட்டும் ஒரே மெஷின்ல இருந்ததால, வாட்ச்மேனோட அட்ரஸ் 127.0.0.1. ஊர் முழுக்கச் செஞ்ச தப்பு அத்தனையும் ஒரே கணக்குல ஏறி, பத்தைத் தொட்டதும் ஊருக்கே பூட்டு.

இதுல எனக்கு இன்னும் வலிக்கிற விஷயம் ஒண்ணு உண்டு. நான் பார்த்தது தப்பான முயற்சிகளோட லாக் மட்டும். டாம்கேட்டோட முழு ஆக்சஸ் லாக்கையும் அப்பவே திறந்திருந்தா, சரியா லாகின் ஆனவங்க, ஹோம்பேஜ் பார்த்தவங்க, கடைசி ஒரு படம் டவுன்லோட் ஆனது வரைக்கும் எல்லாமே 127.0.0.1-னு இருந்திருக்கும். 'ஒரு ஆள் இத்தனையும் பண்ணியிருக்க முடியாதே'ன்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிருக்கும். லாக் பொய் சொல்லல. அதுக்குத் தெரிஞ்சதைத்தான் சொல்லுச்சு. தப்பா படிச்சது நான்.

சீட்டு எழுதிக் கொடுங்க வாட்ச்மேன்!

இனி தீர்வு. வாட்ச்மேன் உள்ளே வரும்போது ஒரு சீட்டும் கொண்டு வரணும். அதுல மூணு விஷயம்.

முதல் விஷயம், வந்தது யார்? இதுக்கு எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்னு ஒரு ஹெட்டர். வந்தவரோட நிஜ ஐ.பி. இதுல போகும்.

ரெண்டாவது, எந்தக் கதவு வழியா வந்தார்? எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ. வெளியில ஹெச்.டி.டி.பி.எஸ்.ஸா வந்தாலும், உள்ளே டாம்கேட்டுக்குப் போறது வெறும் ஹெச்.டி.டி.பி. 'பாதுகாப்பான வழியில வந்தாத்தான் விடுவேன், இல்லேன்னா திருப்பி அனுப்புவேன்'னு உங்க கோடுல ஒரு ஃபில்டர் இருந்தா, அது திருப்பி அனுப்பும். வாட்ச்மேன் மறுபடி கொண்டு வருவார். அது மறுபடி அனுப்பும். கடைசியில பிரவுசரே கடுப்பாகி 'ஏகப்பட்ட ரீடைரக்ட்'னு கையை விரிச்சுடும்.

மூணாவது, யாரைக் கேட்டு வந்தார்? ஹோஸ்ட் ஹெட்டர். நாம எதுவும் எழுதலைன்னா, ப்ராக்ஸி பாஸ்ல போட்ட 127.0.0.1:8080-யே ஹோஸ்ட்டா உள்ளே போயிடும். ரிக்வெஸ்ட்டோட அட்ரஸை வெச்சு 'உங்க இ-மெயிலை உறுதி செய்ய இங்கே க்ளிக் பண்ணுங்க'ன்னு லிங்க் தயாரிச்சு அனுப்புறீங்களா? அந்த லிங்க் 127.0.0.1-க்குத்தான் போகும். க்ளிக் பண்றவர் தன் கம்ப்யூட்டரையே தட்டிக்கிட்டு நிப்பார். எங்களுக்கு இந்தப் புகாரும் வந்தது.

என்ஜின்எக்ஸ்ல 'ப்ராக்ஸி செட் ஹெட்டர்'னு ஆரம்பிக்கிற மூணு வரி போட்டா சீட்டு ரெடி.

ஆனா, சீட்டு வந்தா மட்டும் போதாது. உள்ளே இருக்கிறவர் அதைப் படிக்கணுமே! டாம்கேட்ல இதுக்குன்னே 'ரிமோட் ஐ.பி. வால்வ்'னு ஒண்ணு இருக்கு. சர்வர் எக்ஸ்.எம்.எல். ஃபைல்ல சேர்த்துட்டா, அதுக்கு அப்புறம் உங்க சர்வ்லெட்டுல 'வந்தவர் யார்'னு கேட்டா நிஜ ஐ.பி. வரும். உங்க கோடுல ஒரு வரிகூட மாத்த வேண்டாம். டாம்கேட்டோட ஆக்சஸ் லாக்லயும் நிஜ ஐ.பி. பதிவாகணும்னா, ஆக்சஸ் லாக் வால்வ்ல 'ரிக்வெஸ்ட் ஆட்ரிபியூட்ஸ் எனேபிள்டு' என்பதை ட்ரூ ஆக்கணும். இதை விட்டுட்டா அப்ளிகேஷன் சரியா நடந்துக்கும், லாக் மட்டும் பழைய பாட்டையே பாடும். ஸ்ப்ரிங் பூட் பார்ட்டிகளுக்கு இன்னும் ஈஸி. 2.2 வெர்ஷன்லேர்ந்து 'ஃபார்வர்டு ஹெட்டர்ஸ் ஸ்ட்ராட்டஜி'ன்னு ஒரு செட்டிங் இருக்கு. அதை நேட்டிவ்னு வெச்சா, உள்ளுக்குள்ள இதே வால்வைத்தான் அது கூப்பிடும்.

போலிச் சீட்டு உஷார்!

எந்தச் சீட்டையும் யாரும் எழுதலாம் இல்லையா? எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டரை பிரவுசர் பக்கத்திலிருந்தே போலியா எழுதி அனுப்புறது ரொம்ப சுலபம். தப்பு பண்றவன் ஒவ்வொரு தடவையும் வேற வேற ஐ.பி. எழுதி அனுப்பினா, உங்க பூட்டு அவனைப் பிடிக்கவே பிடிக்காது. அடுத்தவன் ஐ.பி.-யை எழுதி மாட்டியும் விடலாம்.

அதனால மூணு காரியம் பண்ணுங்க. ஒண்ணு, வெளி உலகத்துக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிறது ஒரே ப்ராக்ஸின்னா, வந்த சீட்டுல சேர்த்து எழுதாதீங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டு, வாட்ச்மேன் தன் கண்ணால பார்த்த ஐ.பி.-யை மட்டும் புதுசா எழுதட்டும். என்ஜின்எக்ஸ்ல அதுக்குப் பேரு 'ரிமோட் அட்ரஸ்' வேரியபிள்.

ரெண்டு, டாம்கேட் யார் கொடுக்கிற சீட்டை நம்பணும்னு தெளிவாச் சொல்லுங்க. ரிமோட் ஐ.பி. வால்வ், நாம ஒண்ணும் சொல்லலைன்னா 10, 192.168 மாதிரி உள் நெட்வொர்க் அட்ரஸ்களை எல்லாம் நம்ம ஆளுங்கன்னு எடுத்துக்கும். நம்ம கேம்பஸ்ல லேப், ஹாஸ்டல் எல்லாமே பெரும்பாலும் அந்த அட்ரஸ்தானே? அதனால 'இன்டர்னல் ப்ராக்ஸிஸ்' என்கிற இடத்துல 127.0.0.1 மட்டும்னு எழுதிடுங்க.

மூணு, டாம்கேட்டோட 8080 கதவை 127.0.0.1-ல மட்டும் திறங்க. கனெக்டர்ல 'அட்ரஸ்'னு ஒரு இடம் இருக்கு. இதைச் செய்யலைன்னா, வாட்ச்மேன் முன்வாசல்ல மீசையை முறுக்கிக்கிட்டு நிப்பார். தெரிஞ்சவன் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிச்சு வந்துடுவான். 

பின்வாசல்னு சொன்னதும் 8009-ம் ஞாபகம் வருது. டாம்கேட்டுக்கும் அப்பாச்சிக்கும் நடுவுல பேசிக்க ஏ.ஜே.பி.-ன்னு ஒரு தனி மொழி உண்டு. ரொம்ப நாளா அந்தக் கதவு தானாவே திறந்திருக்கும். 2020-ல 'கோஸ்ட்கேட்'னு ஒரு ஓட்டை வெளியே வந்தது. அந்தக் கதவு வழியா உங்க அப்ளிகேஷனுக்குள்ள இருக்கிற ஃபைல்களைப் படிச்சுட முடியும். அதுக்குப் பிறகு வந்த டாம்கேட் வெர்ஷன்கள்ல ஏ.ஜே.பி.-யை மூடியே கொடுக்கிறாங்க. சீனியர் விட்டுட்டுப் போன பழைய டாம்கேட்டை அப்படியே காப்பி பண்ணி ஓட்டிக்கிட்டிருக்கீங்களா? முதல்ல அதை அப்டேட் பண்ணுங்க.

இன்னும் நாலு வழுக்குப் பாறைகள்

*லாகின் பண்ணினாலும் மறுபடி லாகின் பேஜே வருதா?* வெளியில அட்ரஸ் வெறும் சாய்வுக்கோடு, உள்ளே டாம்கேட்ல '/சிம்போ'ன்னு வெச்சிருப்பீங்க. ஜெசெஷன் ஐ.டி. குக்கி '/சிம்போ' பாதைக்குன்னு எழுதப்பட்டு வரும். வெளியில அந்தப் பாதையே இல்லாததால பிரவுசர் குக்கியைத் திருப்பி அனுப்பாது. வெளியிலயும் உள்ளேயும் ஒரே பாதை வைங்க. அல்லது வார் ஃபைலுக்கு 'ரூட்'னு பேர் வெச்சுடுங்க. பாதி தலைவலி போயிடும்.

*413 எர்ரர்?* என்ஜின்எக்ஸ் சும்மா விட்டா 1 எம்.பி.-க்கு மேல எதையும் உள்ளே விடாது. காலேஜ் ஐ.டி. கார்டை செல்போன்ல போட்டோ எடுத்தாலே அதைத் தாண்டிடும். 'க்ளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்'னு இருக்கிறதை ஏத்துங்க. இந்தத் தப்பை டாம்கேட் லாக்ல தேடாதீங்க. விஷயம் அங்கே போயே சேர்ந்திருக்காது.

*502-வா, 504-ஆ?* 502-ன்னா பெரும்பாலும் உள்ளே டாம்கேட் ஓடலை, அல்லது இன்னும் எழுந்திருக்கலை. ஃபெடோரா, ரெட்ஹேட் வகை லினக்ஸ்ல டாம்கேட் ஓடியும் 502 வந்து, எர்ரர் லாக்ல 'பர்மிஷன் டினைடு'ன்னு இருந்தா எஸ்.இ. லினக்ஸ் தடுக்குதுன்னு அர்த்தம். 'ஹெச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்' என்பதை ஆன் பண்ணுங்க. எஸ்.இ. லினக்ஸையே மொத்தமா ஆஃப் பண்ற புத்திசாலித்தனம் வேண்டாம். 504-ன்னா டாம்கேட் ஓடுது, ஆனா பதில் சொல்ல லேட். 60 செகண்ட் அமைதியா இருந்தா என்ஜின்எக்ஸ் பொறுமை இழந்துடும். நேரத்தை ஏத்துறதுக்கு முன்னாடி, உங்க எஸ்.க்யூ.எல். ஏன் இவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாருங்க.

*கான்ஃபிக் மாத்தியாச்சா?* உடனே ரீஸ்டார்ட் அடிக்காதீங்க. என்ஜின்எக்ஸ்ல ஹைஃபன் டி போட்டா, எழுத்துப்பிழை இருக்கான்னு அதுவே பரிசோதிச்சுச் சொல்லும். சரின்னு சொன்ன பிறகு ரீலோட். ரீலோட் பண்ணினா ஏற்கெனவே உள்ளே இருக்கிறவங்க வேலை அறுந்து போகாது.

அப்புறம் எங்க பூட்டையும் மாத்தினோம். ஐ.பி.-யை மட்டும் வெச்சு பூட்டுறது, ப்ராக்ஸி இல்லாட்டியும் சரியில்ல. ஒரு காலேஜ் மொத்தமும் வெளியில ஒரே ஐ.பி.-யாதான் தெரியும். அங்கே பத்து பேர் ஆளுக்கு ஒரு தடவை தப்பு பண்ணினா, அந்தக் காலேஜுக்கே கதவைச் சாத்திடுவோம். இப்போ அக்கவுன்ட், ஐ.பி. ரெண்டையும் சேர்த்து எண்ணுறோம்.

கடைசியா...

அன்னிக்கு ராத்திரியே அந்தத் தம்பியோட ரூமுக்குப் போனேன். "தம்பி, தப்பு உன்மேல இல்லடா. லாக்கை நான்தான் தப்பா படிச்சுட்டேன். ஸாரி" என்றேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான். "பரவால்லண்ணா. ஆனா அப்பாவுக்கு போன் போயிடுச்சே" என்றான். அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

மறுநாள் காலையில ரெண்டு லாக்கையும் பிரின்ட் எடுத்து, நேரம் நேரமா கோடு போட்டு, அட்வைஸர் மேடம்கிட்ட கொண்டு போனேன். முதல் நாள் பேப்பரை நீட்டின அதே கை. மேடம் பொறுமையா பார்த்தாங்க. "அப்போ இந்தப் பையன் ஒண்ணுமே பண்ணலையா?" "இல்ல மேடம். கான்ஃபிக்ல மூணு வரி நாங்க போடல." என் எதிரிலேயே அவங்க அப்பாவுக்கு போன் போட்டு, "சார், எங்க பக்கம்தான் தப்பு நடந்துடுச்சு" என்று சொன்னாங்க. சிம்போசியம் அன்னிக்கு சர்வர் மெஷின் முன்னாடி அவனைத்தான் உட்கார வெச்சோம். பழையபடி சிரிச்சுப் பேச இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு. ஆகத்தானே செய்யும்?

அதனால மக்களே, ப்ராக்ஸி போடுங்க, கண்டிப்பா போடுங்க. போட்ட கையோட உங்க செல்போன் டேட்டாவுல அந்த சைட்டைத் திறந்து, வேணும்னே ஒரு தடவை தப்பான பாஸ்வேர்ட் அடிங்க. லாக்ல உங்க செல்லோட ஐ.பி. வருதா, 127.0.0.1 வருதான்னு பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. அப்புறமா டீக்கடைக்குப் போகலாம்.

அடுத்த வாரம், 'என் மெஷின்ல ஓடுச்சே சார்!' என்கிற உலகப் புகழ் பெற்ற வசனத்தைப் பத்திப் பேசுவோம். வர்ட்டா?